புதிய கைப்பேசியில் தோற்றக் குறை: வாங்குவோரின் உரிமை எதுவரை?

நாட்டின் தொழில் வளர்ச்சியைக் கணக்கிடும்போது உற்பத்தியின் அளவையே நாம் பெரும்பாலும் முதன்மைப்படுத்துகிறோம். 2014-15ஆம் ஆண்டில் ஏறத்தாழ 18,900 கோடி ரூபாயாக இருந்த இந்தியக் கைப்பேசி உற்பத்தியின் மதிப்பு, 2023-24இல் ஏறத்தாழ 4.22 லட்சம் கோடி ரூபாயாக உயர்ந்தது. இது பெருமைக்குரிய சாதனையே. எனினும் உற்பத்தியின் பயன் இறுதியில் வந்து சேரும் இடம் வாங்குவோரின் கை. அந்தக் கையில் சேரும் பொருள், கொடுத்த விலைக்கு ஈடாக உள்ளதா என்ற வினாவும் வளர்ச்சியைப் பற்றிய வினாவே ஆகும்.

இவ்வினாவின் ஒரு சிறு பகுதியை இக்கட்டுரை ஆராய்கிறது. தில்லியில் நான் பணிபுரிந்த அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருந்த ஒருவர், கல்லூரியில் சேர்ந்த தம் மகளுக்காக 16,000 ரூபாய் மதிப்புள்ள கைப்பேசி ஒன்றைத் தவணைக் கடனில் வாங்கினார். முத்திரை கலையாத பெட்டியை வீட்டில் திறந்தபோது, பின்புற மூடியில் ஒரு விரல் நீளத்திற்குக் கீறல் இருந்தது; காமிராவின் கண்ணாடிக்கு அடியில் தூசித் துகளும் தென்பட்டது. மறுநாள் கடைக்குச் சென்றார். கடைக்காரர் சேவை மையத்திற்கு அனுப்பினார். சேவை மையத்தில், “இயக்கத்தில் குறை ஏதுமில்லை, வெளிப்புறச் சேதம் உத்தரவாதத்தில் அடங்காது” என்றனர். மீண்டும் கடைக்குச் சென்றபோது, “பேச முடிகிறதே, அது போதாதா?” என்ற கேள்வியே பதிலாகக் கிடைத்தது. மூன்று அரை நாள் விடுப்புகளை இழந்த பின்னர் அவர் முயற்சியைக் கைவிட்டார். கீறல் விழுந்த கைப்பேசிக்குரிய தவணைகளை மட்டும் ஓராண்டு முழுவதும் தவறாமல் செலுத்தினார்.

கடைக்காரரின் கேள்விக்குச் சட்டமும் பொருளாதாரமும் கூறும் விடை யாது என்பதைக் காண்போம்.

தோற்றக் குறை என்றால் என்ன?

பொருளின் இயக்கத்தைத் தடை செய்யாமல், அதன் வெளிப்புற அமைப்பையோ மெருகையோ மட்டும் பாதிக்கும் குறையைத் தோற்றக் குறை எனலாம். கைப்பேசியைப் பொறுத்தவரை இவை பலவகைப்படும். சட்டத்தின் விளிம்பில் வண்ணம் பெயர்ந்திருத்தல், கண்ணாடியில் மயிரிழைக் கீறல், மூலையில் ஒடுக்கு, திரைக்கும் சட்டத்திற்கும் இடையே ஒரு பக்கம் மட்டும் இடைவெளி மிகுந்திருத்தல், காமிராக் கண்ணாடிக்குள் தூசி, திரையின் ஒரு பகுதி மட்டும் மஞ்சள் நிறம் காட்டுதல், ஒளிராத புள்ளி ஆகியவை அடிக்கடி காணப்படுபவை.

இவற்றுள் சில வெறும் தோற்றக் குறையுடன் நின்றுவிடுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. சட்டத்திற்கும் திரைக்கும் இடையே உள்ள இடைவெளி, நீரும் தூசியும் புகும் வழியாகலாம். மூலையில் உள்ள ஒடுக்கு, பெட்டி கீழே விழுந்ததன் அடையாளமாக இருக்கலாம். உள்ளே ஏற்பட்ட பாதிப்பு பின்னரே வெளிப்படலாம். ஆகவே, தோற்றக் குறையைக் கண்டவுடன் அதை அற்பமென ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது.

மறுபுறம், குறையே இல்லாத பொருள் எதுவும் உற்பத்தியாவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1,080 வரிசையும் 2,400 வரிசையும் கொண்ட ஒரு திரையில் 25,92,000 புள்ளிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஒளிராதிருப்பின் திரை முழுவதும் பழுது எனலாமா? இத்தகைய வினாவிற்கு விடை காணவே, 2008ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 9241-307 என்ற சர்வதேசத் தர விதி, தட்டைத் திரைகளைப் புள்ளிக் குறைகளின் எண்ணிக்கைக்கேற்ப வகைப்படுத்துகிறது. குறையின் எல்லையை முன்கூட்டியே வரையறுக்க இயலும் என்பதற்கு இது ஒரு சான்று.

தோற்றத்திற்கு விலை உண்டா?

இயங்கும் கைப்பேசியில் கீறல் இருந்தால் வாங்கியவருக்கு என்ன நட்டம் என்று கேட்கப்படுகிறது. இதற்குச் சந்தையே விடை தருகிறது. பெட்டி திறக்கப்பட்ட கைப்பேசிகள், புதுப்பிக்கப்பட்ட கைப்பேசிகள் ஆகியவை தோற்றத்தின் தரத்தைக் கொண்டு வகை பிரிக்கப்பட்டு, வெவ்வேறு விலைகளில் விற்கப்படுகின்றன. பழைய கைப்பேசியைக் கொடுத்துப் புதியதைப் பெறும் மாற்றுத் திட்டங்களிலும், கீறல் உண்டா, ஒடுக்கு உண்டா என்ற கேள்விகள் கேட்கப்பட்டு, உண்டு எனில் மதிப்பு குறைக்கப்படுகிறது. நாம் விற்கும்போது கீறலுக்கு விலை உண்டு. நாம் வாங்கும்போது மட்டும் கீறலுக்கு விலை இல்லை என்பது பொருந்தாத வாதம். புதிய பொருளுக்குரிய முழு விலையையும் பெற்றுக்கொண்டு கீறல் விழுந்த பொருளைத் தருபவர், அந்த இரு விலைகளுக்கும் இடைப்பட்ட தொகையை வாங்கியவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறார் என்பதே உண்மை.

இதன் பொருளாதாரப் பின்னணியை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப், 1970இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், பழைய மோட்டார் கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டார். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல பொருளும் தரங்குறைந்த பொருளும் ஒரே விலைக்கு விற்கின்றன. நாளடைவில் நல்ல பொருள் சந்தையைவிட்டு விலகுகிறது என்று அவர் காட்டினார். இத்துறை ஆய்வுக்காக 2001ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது. முத்திரையிட்ட பெட்டிக்குள் இருக்கும் கைப்பேசியும் வாங்குபவரின் பார்வைக்கு அப்பாற்பட்டதே. திருப்பித் தரும் உரிமையும் மாற்றிக் கொடுக்கும் கடமையும் இந்த அறியாமையை ஈடுசெய்வதற்காக அமைந்த ஏற்பாடுகள் ஆகும். அவை நேர்மையான உற்பத்தியாளருக்கும் பாதுகாப்பு அளிக்கின்றன.

சட்டம் கூறுவது

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 16ஆம் பிரிவின்படி, அவ்வகைப் பொருளை விற்பனை செய்பவரிடமிருந்து விவரத்தின் அடிப்படையில் வாங்கும்போது, அப்பொருள் விற்பனைக்குத் தகுந்த தரமுடையதாக இருக்க வேண்டும் என்பது வெளிப்படையாகச் சொல்லப்படாவிட்டாலும் உட்கிடையான நிபந்தனையாகும்.

இச்சட்டம் 1893ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அந்த ஆங்கிலேயச் சட்டத்தின்கீழ் 1910இல் தீர்ப்பளிக்கப்பட்ட ஜாக்சன் – ரோட்டாக்ஸ் வழக்கு நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமானது. விற்கப்பட்ட மோட்டார் ஊதுகுழல்கள் பலவற்றில் ஒடுக்கும் மெருகுக் குறைவும் இருந்தன. சிறு செலவில் அவற்றைச் சீர்செய்துவிடலாம் என்று விற்றவர் வாதிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை; அவை விற்பனைக்குத் தகுந்த தரமுடையவை அல்ல எனவும், வாங்கியவர் நிராகரிக்கலாம் எனவும் தீர்ப்பளித்தது. ஊதுகுழல் ஒலிக்கிறதா என்பதோடு விசாரணை முடிந்துவிடவில்லை. பிரிட்டன் 1994இல் ஒரு படி மேலே சென்று, தோற்றமும் மெருகும், சிறு குறைகள் இன்மையும் தரத்தின் கூறுகள் எனச் சட்டத்திலேயே எழுதியது. அங்கு 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்திலும் அவை இடம்பெற்றுள்ளன.

நம் நாட்டில் 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பதிலாக 2019ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சட்டப்படியோ, வெளிப்படையான அல்லது உட்கிடையான ஒப்பந்தப்படியோ, வணிகரின் கூற்றுப்படியோ இருக்க வேண்டிய தரத்தில் ஏற்படும் எந்தப் பழுதும், நிறைவின்மையும், குறைபாடும் ‘குறை’ ஆகும் என்று அதன் 2(10) பிரிவு வரையறுக்கிறது. இயக்கத்தைப் பாதிக்கும் குறை மட்டுமே குறை என்று சட்டம் எங்கும் கூறவில்லை. ‘புதியது’ என்று கூறி விற்கப்படும் பொருள் புதியதன் தோற்றத்துடன் இருத்தல் அந்தக் கூற்றின் ஒரு பகுதியே. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்று, ரசீதில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை இச்சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று ரசீதின் அடியில் அச்சிட்டுவிடுவதால் குறையுள்ள பொருளைப் பொறுத்த கடமை மறைந்துவிடாது.

உத்தரவாதச் சீட்டின் இடம்

அப்படியாயின் சேவை மையம் மறுத்தது ஏன்? உற்பத்தியாளர் தரும் உத்தரவாதங்களில் கீறல், ஒடுக்கு போன்ற வெளிப்புறச் சேதங்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டுள்ளன. பயன்பாட்டினால் பின்னர் ஏற்படும் சேதத்தைப் பொறுத்தவரை இவ்விலக்கு நியாயமானதே. 2016இல் வெளிவந்த ஐஃபோன் 7 வகையின் பளபளப்பான கறுப்பு மேற்பரப்பில் பயன்பாட்டின்போது நுண்ணிய கீறல்கள் தோன்றக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே முன்னறிவிப்புச் செய்தது. அத்தகைய கீறலுக்காகப் பின்னர் வழக்காட இடமில்லை.

ஆனால் பெட்டியைத் திறக்கும்போதே இருந்த கீறல் பயன்பாட்டினால் நேர்ந்த சேதம் அன்று. அது ஒப்படைப்பின்போதே இருந்த குறை. உத்தரவாதம் என்பது உற்பத்தியாளர் கூடுதலாக அளிக்கும் வாக்குறுதி. சட்டம் விதிக்கும் கடமைக்கு அது மாற்று அன்று. மேலும், விற்பனை ஒப்பந்தம் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே ஏற்பட்டது. ஆகவே முதலில் பொறுப்பேற்க வேண்டியவர் விற்றவர். “சேவை மையத்திற்குச் செல்லுங்கள்” என்று கூறி அவர் தம் பொறுப்பிலிருந்து விலக இயலாது. நம் அலுவலக உதவியாளர் இவ்வேறுபாட்டை அறியாததாலேயே இரண்டு வாயில்களுக்கும் இடையே அலைய நேர்ந்தது.

காலமும் சான்றும்

இங்கு ஒரு நியாயமான ஐயம் எழும். கீறல் பெட்டியிலேயே இருந்ததா, வீட்டில் விழுந்ததா என்பதை எவ்வாறு அறிவது? இதுவே இவ்வழக்குகளின் உயிர்நாடி. இயக்கக் குறையைச் சோதனைச் சாலையில் கண்டறியலாம். கீறலின் வயதைக் கண்டறிவது எளிதன்று. ஆகவே தோற்றக் குறையைப் பொறுத்தவரை உரிமை என்பது பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில் திரட்டப்படும் சான்றைச் சார்ந்தது.

சரக்கு விற்பனைச் சட்டமும் காலத்திற்கு முக்கியத்துவம் தருகிறது. முன்பு பார்த்திராத பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படமாட்டார் என்பது 41ஆம் பிரிவு. நிராகரிப்பதாகத் தெரிவிக்காமல் நியாயமான காலத்திற்கு மேல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படுவார் என்பது 42ஆம் பிரிவு. இன்னொரு நுட்பமும் உண்டு. கடையிலேயே பொருளைச் சோதித்து வாங்கியிருந்தால், அச்சோதனையில் கண்ணுக்குப் புலப்பட்டிருக்க வேண்டிய குறையைக் காட்டி, தரம் பற்றிய உட்கிடை நிபந்தனை மீறப்பட்டது என்று கூற 16ஆம் பிரிவு இடமளிக்காது. எனவே கடையில் பார்ப்பதாயின் நன்றாகப் பார்க்க வேண்டும். அரைகுறையாகப் பார்ப்பது பாராமல் இருப்பதைவிடத் தீங்கு.

நடைமுறையில் கடைப்பிடிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. கடையில் வாங்கினால், பணம் செலுத்தும் முன்பு, நல்ல வெளிச்சத்தில் கடைக்காரர் முன்னிலையில் பெட்டியைத் திறக்கச் செய்க. நான்கு மூலைகள், விளிம்புகள், காமிராக் கண்ணாடி, பொத்தான்கள் ஆகியவற்றைப் பார்க்க. திரையில் வெள்ளை, கறுப்பு நிறப் படங்களை வரவழைத்துப் புள்ளிகளைச் சோதிக்க.

2. இணையவழி வாங்கினால், திறந்து காட்டி ஒப்படைக்கும் வசதி இருப்பின் அதனைத் தேர்ந்தெடுக்க. பொருளைப் பார்த்த பின்னரே ஒப்படைப்புக்குரிய ஓடிபி எண்ணைக் கூறுக. அவ்வசதி இல்லையெனில், முத்திரையைக் காட்டுவதிலிருந்து கைப்பேசியின் எல்லாப் பக்கங்களையும் காட்டுவது வரை இடைவெளியின்றி ஒரே வீடியோவாகப் பதிவு செய்க.

3. பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண், ரசீதில் உள்ள எண், *#06# என்று அழுத்தும்போது திரையில் தோன்றும் எண் ஆகியவை ஒன்றாக உள்ளனவா எனச் சரிபார்க்க.

4. குறை தென்பட்டால் மேலும் பயன்படுத்துவதை நிறுத்துக. பாதுகாப்புத் தாள், பெட்டி, உடன்வந்த பொருள்கள் எதையும் எறிந்துவிடலாகாது.

5. அன்றே எழுத்து மூலம் புகார் செய்க. வாய்மொழிப் புகாருக்குச் சான்றில்லை. குறையின் விவரம், கண்ட நேரம், படங்கள், ஐஎம்இஐ எண் ஆகியவற்றுடன், “இப்பொருளை ஏற்க மறுக்கிறேன்; புதியதாக மாற்றித் தருக, அல்லது பணத்தைத் திருப்பித் தருக” என்று தெளிவாகக் குறிப்பிடுக. பல விற்பனையாளர்கள் மாற்றித் தருவதற்கு ஏழு அல்லது பத்து நாட்களையே அனுமதிக்கின்றனர் என்பதை மறவாதிருக்க.

6. சேவை மையத்தில் பொருளைக் கொடுத்தால், குறையின் விவரமும் தேதியும் குறித்த பணிச்சீட்டைப் பெறுக. “வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்” என்று எழுதப்பட்டிருந்தால் அதில் கையெழுத்திடும் முன்பு மறுப்பை எழுதுக.

7. தவணைக் கடனில் வாங்கியிருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்திற்கும் தகவல் தருக. தாமாகவே தவணையை நிறுத்திவிடுவது வேறு சிக்கலுக்கு வழிவகுக்கும்.

8. திருப்பித் தருமுன் சிம் அட்டையை எடுத்து, சொந்தத் தகவல்களை அழித்து, கணக்குகளிலிருந்து வெளியேறுக.

மறுக்கப்பட்டால்

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையவழி வணிக நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். அத்தளத்தில் விற்பவர், பொருள் குறையுள்ளதாக இருப்பின் திரும்பப் பெறவோ, பணத்தைத் திருப்பித் தரவோ மறுத்தலாகாது.

அதன் பின்னும் தீர்வு கிட்டாவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். இது வழக்கு அன்று. புகாரை நிறுவனத்தின் கவனத்திற்குக் கொண்டுசென்று வழக்கிற்கு முன்பே தீர்வு காண முயலும் ஏற்பாடு.

இறுதி வாயில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலுள்ள ஆணையத்திலேயே முறையிடலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நன்மை. ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருள்களுக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞரை அமர்த்த வேண்டிய கட்டாயமும் இல்லை. விற்றவர், உற்பத்தியாளர் ஆகிய இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்ப்பது நல்லது. குறையை நீக்குமாறும், குறையற்ற புதிய பொருளை மாற்றித் தருமாறும், விலையைத் திருப்பித் தருமாறும், இழப்பீடு வழங்குமாறும் ஆணையம் உத்தரவிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். சோதனை தேவைப்படாத வழக்குகளை மூன்று மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் எனச் சட்டம் கூறினும், நடைமுறையில் பல வழக்குகள் அதனினும் நீளுகின்றன. ஆகவே எழுத்து மூலப் புகாரும் உதவி எண்ணும் முதற்படிகளாக இருப்பதே சிக்கனமானது.

இரு தரப்பின் நேர்மை

உரிமையைப் பற்றிப் பேசும்போது கடமையை மறத்தல் முறையன்று. தாமே கீழே போட்டுவிட்டுப் பெட்டியிலேயே உடைந்திருந்தது என்று கூறுவோரும் உண்டு. அதன் செலவு இறுதியில் நேர்மையான வாங்குவோரின் விலையிலேயே சேர்கிறது. உண்மையான புகார்களையும் ஐயத்துடன் நோக்கும் மனப்பான்மையை அது வளர்க்கிறது. மேலும், உற்றுப் பார்த்தாலன்றிப் புலப்படாத சிறு புள்ளிக்காக மாற்றுப் பொருள் கேட்பது எப்போதும் பொருத்தமாகாது. சில வேளைகளில் விலைக் குறைப்பே தக்க தீர்வாகலாம். ஆனால் அதனைத் தேர்வு செய்பவர் வாங்கியவராக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

தனி மனிதரின் விழிப்பு மட்டும் இச்சிக்கலைத் தீர்த்துவிடாது. ஒரு கீறலால் நேரும் இழப்பு சில நூறு ரூபாய். அதை மீட்க அலைவதற்கு ஆகும் செலவோ பெரும்பாலும் அதனினும் மிகுதி. இக்கணக்கே முறையற்ற மறுப்புகளை நிலைக்கச் செய்கிறது. எனவே நிர்வாக அளவில் மூன்று சீர்திருத்தங்கள் பயன் தரும். முதலாவதாக, தோற்றமும் மெருகும் தரத்தின் கூறுகள் என்பதைப் பிரிட்டனைப் போல நம் சட்டத்திலும் வெளிப்படையாகச் சேர்க்கலாம். இரண்டாவதாக, எத்தகைய கீறல், எத்தனை புள்ளி, எவ்வளவு இடைவெளி வரை தாம் ஏற்கத்தக்கதெனக் கருதுகின்றனர் என்பதை உற்பத்தியாளர்கள் விற்பனைக்கு முன்பே வெளியிட வேண்டும். மூன்றாவதாக, பெட்டியைத் திறந்து காட்டி, “குறையின்றிப் பெற்றேன்” அல்லது “இன்ன குறை உள்ளது” என இரு தரப்பும் குறிக்கும் ஒரு வரியை ரசீதிலேயே சேர்க்க வேண்டும். இந்த ஒரு வரி, வாங்குபவரையும் விற்பவரையும் ஒருங்கே பாதுகாக்கும்.

அந்த அலுவலக உதவியாளரின் மகள் அக்கைப்பேசியிலேயே பாடங்களைப் படித்துத் தேர்வெழுதினாள். கைப்பேசி குறையின்றி இயங்கியது என்பதும் உண்மை. எனினும் அவர் விலை கொடுத்தது இயங்கும் கைப்பேசிக்கு மட்டும் அன்று, புதிய கைப்பேசிக்கு. “பேச முடிகிறதே” என்று கேட்கப்பட்டபோது, “புதியதற்கு விலை கொடுத்தேன், புதியதைத் தருக” என்று எழுத்தில் கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அந்த உரிமையை அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர்கள், அதே அலுவலகத்தில் இருந்த நம்மைப் போன்றவர்களே.